தோலுக்குள்ளே மூன்று இழை!

குரோம்பேட்டையில் கூட்டம் முடிந்தது. மேடை விளக்கு அணைந்தது, ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தோழர்கள் நாலைந்து பேர் இரயில் நிலையத்தருகே தேநீர்க் கடையில் நின்றோம். கூட்டத்தின் ஓரத்திலே கடைசிவரை நின்று கேட்ட பெரியவர் ஒருவர் மெல்ல அருகே வந்தார். நாகல்கேணிப் பக்கம், தோல் பதனிடும் ஆலையிலே முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர்.

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க ஐயா!" என்றேன்.

"என் பேரன் பன்னெண்டாவது முடிச்சிட்டான். ஏதோ பயோ-இன்பர்மேடிக்ஸ் படிக்கணும்கிறான். உடம்புக்குள்ளே இருக்கிறதைக் கம்ப்யூட்டர்லே படிக்கிற படிப்பாம். தெருவுலே சிரிக்கிறாங்க தம்பி. தோல் ஊறவெச்சவன் பேரனுக்கு அது எதுக்குங்கிறாங்க. நமக்கும் அதுக்கும் என்னதான் சம்பந்தம்?"

தேநீர்க் குவளையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன். சுண்ணாம்பு தின்ற கை. குரோமிய உப்பு வெடிக்க வைத்த கை. எத்தனை ஆயிரம் தோலைப் புரட்டிய கையோ, யார் அறிவார்? "ஐயா, சம்பந்தம் உங்கள் கையிலேயே இருக்கிறது!" என்றேன். அவர் நம்பவில்லை. விளக்கிச் சொன்னேன். அன்றிரவு அவரிடம் சொன்னதை இன்று உங்கள் அனைவரிடமும் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், அந்தத் தெருவிலே எழுந்த சிரிப்பு ஒரு தெருவின் சிரிப்பு அல்ல. உழைப்பவன் வேறு, ஆராய்பவன் வேறு என்று பன்னெடுங்காலமாக நமக்குப் பழக்கிவிட்ட சிரிப்பு.

பெயரிலேயே இருக்கிறது செய்தி

குரோம்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது? மன்னர் வைத்த பெயரா? மலைவாழ் முனிவர் வைத்த பெயரா? இல்லை, தோழர்களே! குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலை இங்கே இருந்தது. குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறை சென்னை மாகாணத்துக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அந்த முறையின் பெயர் ஆலைக்கு ஆயிற்று. ஆலையின் பெயர் ஊருக்கு ஆயிற்று. ஊரெல்லாம் தோலை ஒதுக்கிற்று. ஆனால் இந்த ஊரோ தோலால் பெயர் பெற்றது!

தோலை உரித்தவனைத் தொடாதே என்றார்கள். பதனிட்டவனைச் சேரிக்கு அனுப்பினார்கள். ஆனால் அவன் செய்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார்கள். அவன் பதப்படுத்திய தோலால் போர்த்த மத்தளத்தைத் திருவிழாவில் முழக்கினார்கள். பொருளுக்குத் தீட்டில்லை, உழைத்த மனிதனுக்கு மட்டும் தீட்டு! என்ன நியாயம் இது?

அவர்கள் ஒதுக்கிய அந்தத் தோலுக்குள்ளே என்ன இருந்தது என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

அழுகுவதும் அழுகாததும்

பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, பச்சைத் தோலை அப்படியே போட்டால் என்ன ஆகும்?"

"நாறிப்போகும் தம்பி. ரெண்டு நாள் தாங்காது."

"குரோமில் போட்டு எடுத்தால்?"

"காலத்துக்கும் கெடாது. கொதிக்கிற தண்ணியிலே போட்டாலும் சுருங்காது. அப்படித்தான் சோதிச்சுப் பார்ப்போம்."

பார்த்தீர்களா! கல்லூரி வாசலை மிதிக்காதவர் சொல்லுகிற விடை இது. ஏன் கெடுவதில்லை என்பதற்குக் காரணத்தை விஞ்ஞானம் சொல்லுகிறது. தோல் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு புரதத்தால் நெய்யப்பட்ட துணி. அந்தப் புரதத்தின் பெயர் கொலாஜன். நார் நாராக, கயிறு கயிறாக, பின்னிக் கிடக்கும் பொருள் அது. பச்சைத் தோலிலே நுண்ணுயிர்கள் அந்த நாரைத் தின்றுவிடுகின்றன, அழுகுகிறது. சுண்ணாம்புத் தொட்டியிலே ஊறி, முடி கழன்று, சதை சீவப்பட்டு, சுழலும் பீப்பாயிலே குரோமிய உப்போடு உருளும்போது, குரோமியம் ஒரு நாருக்கும் அடுத்த நாருக்கும் இடையே முடிச்சுப் போடுகிறது. முடிச்சு விழுந்த நாரை நுண்ணுயிர் தின்ன முடியாது. வெந்நீர் குலைக்க முடியாது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த நம் பாட்டன்மார் செய்ததும் இதே நாரைக் காப்பதுதான். முடிச்சின் வகைதான் வேறு.

மாட்டுத் தோலில் மட்டுமா இருக்கிறது கொலாஜன்? உங்கள் தோலில் இருக்கிறது. என் தோலில் இருக்கிறது. எலும்பில், பல்லில், தசைநாணில், இரத்தக் குழாயின் சுவரில் இருக்கிறது. மனித உடம்பின் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுதான். மாளிகையில் வாழ்பவன் உடலுக்கும் கொலாஜன். மண்குடிசையில் வாழ்பவன் உடலுக்கும் கொலாஜன். உயர்ந்த சாதிக் கொலாஜன் என்று ஒன்று எந்த ஆய்வுக்கூடத்திலும் அகப்படவில்லை!

ஆறாவது நிலையத்தில் நடந்தது

குரோம்பேட்டையில் மின்சார இரயில் ஏறினால் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை. ஆறாவது நிலையம் கிண்டி. அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் வளாகம். 1952-இல் முப்பது வயது இளைஞர் ஒருவர் அங்கே இயற்பியல் துறையின் தலைவராக வந்து அமர்ந்தார். பெயர் கோ. நா. ராமச்சந்திரன். 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், திருச்சியில் படித்தவர், சர் சி. வி. ராமனிடம் பயின்றவர், கேம்பிரிட்ஜ் சென்று பட்டம் பெற்றுத் திரும்பியவர். அவரை அழைத்து, இடம் கொடுத்து, கூடம் கொடுத்து, ஊக்கம் கொடுத்தவர் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். 1942 முதல் 1969 வரை, இருபத்தேழு ஆண்டு அந்தப் பொறுப்பைத் தாங்கிய மருத்துவ மேதை அவர்.

அந்த நாளில் இங்கிலாந்தின் விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பேச்சினிடையே, கொலாஜனின் அமைப்பு மட்டும் இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை என்றார். அந்தச் சொல் இளைஞர் ராமச்சந்திரனின் உள்ளத்தில் தைத்தது. மேல்நாட்டுப் பெரும் பெரும் கூடங்கள் மோதிப் பார்த்து முடியாத புதிர். நம்மால் ஏன் முடியாது என்று துணிந்தார்.

துணிவு இருந்தது. பொருளுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே, அடையாற்றிலே, 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோழர்களே, இங்கே கவனியுங்கள்! தோல் தொழில் இந்த மண்ணிலே வளர்ந்திருந்ததால்தான் தோல் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கு வந்தது. நாகல்கேணியில் தோலைப் புரட்டிய தொழிலாளி, வாணியம்பாடியில் தொட்டியில் இறங்கி நின்ற தொழிலாளி, இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வியர்வை சிந்திய தொழிலாளி, இவர்கள் உழைப்பின் மேல் எழுந்த நிலையம் அது. அங்கிருந்துதான் கங்காரு வால் தசைநாண் கிண்டிக்கு வந்தது. சுத்தமான கொலாஜன் நார் நேராக அடுக்கிக் கிடப்பது அதில். எக்ஸ்-கதிரை அதன்மேல் பாய்ச்சினார்கள், கதிர் சிதறிய புள்ளிகளைப் படமெடுத்தார்கள், கணக்குப் போட்டார்கள்.

செத்த பிராணியின் தசைநாண் பல்கலைக்கழக மேசைமேல் ஏறியது! தீட்டு என்று எவரும் ஓடவில்லை. தலை முழுகவும் இல்லை. அறிவு நுழையும் இடத்தில் தீட்டுக்கு இடமில்லை.

1954 ஆகஸ்டு மாதம், உலகப் புகழ் 'நேச்சர்' இதழில் ராமச்சந்திரனும் அவருடைய தோழர் கோபிநாத் கர்த்தாவும் எழுதிய கட்டுரை வந்தது. கொலாஜன் ஒற்றை இழை அல்ல, மூன்று இழை என்றார்கள். 1955-இல் அதனைத் திருத்தி, மூன்று இழையும் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய கயிறு என்றார்கள். கயிறு திரிப்பவனுக்குத் தெரியும்: ஒற்றைப் புரி அறும்; மூன்று புரி முறுக்கினால் தேர் இழுக்கும். இயற்கையும் அந்த வித்தையைத்தான் செய்திருக்கிறது!

அந்தக் கயிற்றுக்கு ஒரு விதியும் கண்டார்கள். இழை என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகள் கோத்த சரம். மூன்றுக்கு ஒரு மணி கட்டாயம் கிளைசீன் என்ற மணியாக இருக்க வேண்டும். ஏன்? மூன்று இழை முறுக்கும்போது நடுவில் கிடைப்பது ஊசி நுழையும் இடம். மணிகளிலே மிகச் சிறியது கிளைசீன். அதற்கு மட்டுமே அங்கே இடமுண்டு. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதிலேதான் ஒரு குழந்தையின் கண்ணீர் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

எதிர்ப்பு உரமாயிற்று

கட்டுரை வந்ததும் கைதட்டல் மட்டுமா வந்தது? எதிர்ப்பும் வந்தது. டி.என்.ஏ-யின் அமைப்பைக் கண்டவருள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும், மூன்று இழை என்பது சரியே. ஆனால் சென்னைக்காரர்கள் காட்டிய அமைப்பில் அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள்.

வேறொருவராயிருந்தால் வெகுண்டிருப்பார், அல்லது வெளிநாட்டுக்காரன் சொல்லிவிட்டானே என்று வீழ்ந்திருப்பார். ராமச்சந்திரன் இரண்டும் செய்யவில்லை. அணுவும் அணுவும் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக் கூடாது, அதற்கு அளவு என்ன என்று திருப்பிக் கேட்டார். அதுவரை வெளிவந்திருந்த படிக ஆராய்ச்சிகளையெல்லாம் அலசி அளவு கண்டார். வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் ஆகிய இளைஞர்கள் தோள் கொடுத்தார்கள். கணினி மலியாத காலத்தில், கோணம் கோணமாகக் கணக்கிட்டு, 1963-இல் ஒரு படம் வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் படம் என்று உலகமே இன்று அழைப்பது அதைத்தான்.

அது என்ன படம்? காலை எட்டரை மணிக்குக் குரோம்பேட்டையில் மின்சார வண்டி ஏறிப் பழகியவருக்கு எளிதில் விளங்கும். நெருக்கடியில் நிற்கிறீர்கள். கையை எந்தப் பக்கமும் திருப்பலாம் என்று ஏட்டிலே எழுதலாம், வண்டியிலே நடக்குமா? இப்படித் திருப்பினால் முன்னவர் முதுகு; அப்படித் திருப்பினால் பின்னவர் மூக்கு. கடைசியில் இரண்டு மூன்று நிலைகளில்தான் நிற்க முடிகிறது. புரதச் சரத்திலும் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு திருப்பம் உண்டு. எந்தெந்தத் திருப்பத்தில் அணுக்கள் இடித்துக்கொள்ளும், எதில் இடிக்காமல் நிற்கும் என்று ஒரு கட்டத்துக்குள் வரைந்தார்கள். பெரும்பகுதி, இடமில்லை, சில தீவுகளில் மட்டும் இடமுண்டு. புரதம் எதுவானாலும், மாட்டுடையதோ மனிதனுடையதோ, மரத்துடையதோ, அந்தத் தீவுகளில்தான் பெரும்பாலும் நிற்கும்.

புரதங்களின் அமைப்பைச் சேர்த்து வைக்கும் உலகக் களஞ்சியம் 1971-இல் ஏழே ஏழு அமைப்புகளோடு தொடங்கிற்று. இன்று இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கே புதிய அமைப்பு ஒன்றைக் கொண்டுவருபவர் எந்த நாட்டவராயினும், அது சரியா தவறா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்று, கிண்டியில் பிறந்த இந்தப் படம்! புரதத்தின் வடிவைக் கணினியே முன்னறிந்து சொல்லும் முறைக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தக் கணினி தருகிற வடிவையும் ராமச்சந்திரன் படத்தின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். பெரியவரே, உங்கள் பேரன் படிக்க ஆசைப்படும் பயோ-இன்பர்மேடிக்ஸ் இதுதான். தமிழில் உயிரித் தகவலியல். உயிரின் ஏட்டைக் கணக்கின் துணைகொண்டு படிக்கும் கல்வி. அதன் முன்னோடிக் கணக்குகளில் ஒன்று, தோலுக்குள் இருக்கும் நாரைப் பற்றிய சண்டையிலே பிறந்தது!

ஓர் எழுத்துப் பிழை

இப்பொழுது அந்தக் குழந்தையின் கண்ணீருக்கு வருகிறேன்.

சில குழந்தைகளுக்குத் தொட்டால் எலும்பு முறியும். தூக்கினால் முறியும், தும்மினால்கூட முறியும். சிலருக்குக் கண்ணின் வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும். பதினையாயிரம், இருபதினாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணும் நோய். நம் ஊரில் என்ன சொல்லுவார்கள்? முன்வினை என்பார்கள். சாபம் என்பார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பார்கள். பத்து மாதம் சுமந்த தாயையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். ஊர் அவளைத்தான் பார்க்கும். மாமியார் அவளைத்தான் ஏசுவாள். அவளும் தன்னைத்தானே நொந்துகொள்வாள்.

மரபியல் சொல்லும் சாட்சியைக் கேளுங்கள். எலும்பு என்பது கான்கிரீட் போன்றது. சுண்ணாம்புச் சத்து ஜல்லியும் சிமெண்டும் என்றால், உள்ளே ஓடும் கம்பி கொலாஜன். அந்தக் கொலாஜனுக்கான கட்டளை நம் மரபணுவில் எழுதியிருக்கிறது. மனிதனின் மரபு ஏடு ஏறக்குறைய முந்நூறு கோடி எழுத்து. கொலாஜனின் ஒரு இழைக்கான கட்டளையில், முந்நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் கிளைசீனை வை, கிளைசீனை வை என்று எழுதியிருக்கிறது. அவற்றுள் ஒரே ஓர் இடத்தில், ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். கிளைசீன் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய மணியொன்று வந்து உட்காரும். நடுவிலே இடமில்லை என்றோமே, அங்கே! கயிறு முறுக்கேறாது, கம்பி வலுப்பெறாது, எலும்பு நொறுங்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தக் கட்டளைக்குத் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. ஒன்று நன்றாயிருந்தும் ஏன் காப்பாற்றவில்லை? எலும்புக் கொலாஜனின் மூன்று இழையில் இரண்டு ஒரே கட்டளையிலிருந்து வருபவை. அந்த இரண்டில் ஒன்று கெட்டாலும் கயிறு கெடும். கணக்குப் போட்டால் நான்கு கயிற்றில் மூன்று கெட்டுவிடுகிறது! பல குழந்தைகளிடம் இந்தப் பிழை தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை, புதிதாக நேர்ந்தது. ஏட்டைப் படியெடுக்கும்போது நேரும் கைப்பிழை. யார் செய்த பாவம் இது? எவரும் செய்யவில்லை!

எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று இன்று இரத்தத்தில் சில துளி எடுத்துப் படித்துவிடலாம். முந்நூறு கோடி எழுத்தில் அந்த ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பது யார்? உயிரித் தகவலியல் படித்தவன்! நோயை அடியோடு மாற்றும் மருந்து இன்னும் வரவில்லை. எலும்பை வலுப்படுத்தும் மருந்து உண்டு. எலும்புக்குள் கம்பி செலுத்தித் தாங்கும் அறுவை உண்டு. அவற்றுக்கும் முன்னால், "அம்மா, இது உன் குற்றமல்ல" என்று சான்றோடு சொல்ல ஒருவன் வேண்டும். அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய ஆறுதல் எது?

நாம் கேட்கவேண்டியது

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. சோறு போடுமா?"

நியாயமான கேள்வி. பட்டம் வாங்கிய மறுநாள் வாசலிலே வேலை காத்திருக்கும் என்று நான் பொய் சொல்லவில்லை. மரபணுச் சோதனைக்கூடங்களிலும் மருந்துக் கம்பெனிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் வேலை உண்டு. ஆனால் இளங்கலையோடு நின்றால் போதாது, மேலே படிக்கவேண்டும், ஆண்டுகள் பிடிக்கும் என்றேன். அந்த ஆண்டுகளை ஏழை வீட்டுப் பிள்ளை எப்படித் தாண்டுவான்? அதுதான் தோழர்களே, நாம் எழுப்பவேண்டிய கேள்வி!

ஆராய்ச்சி மாணவனின் உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் அவன் கைக்குச் சேர வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூடங்களுக்கு ஆள் வேண்டும், கருவி வேண்டும், பணம் வேண்டும். கிண்டியின் கதையிலேயே அதற்குப் பாடம் உண்டு. கர்த்தா அமெரிக்கா சென்றார். 1967-இல் அங்கே ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்ட குழுவில் முன்னின்றார். முதலியாரின் காலம் 1969-இல் முடிந்தது. ராமச்சந்திரனும் அதன்பின் சென்னையை விட்டுப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் சென்றார். 2001-இல் மறைந்தார். சென்றவரைக் குறை சொல்லவில்லை நான். அறிஞனை அழைத்து அமர்த்துவதற்கு ஒரு முதலியார் வேண்டியிருந்தது. அமர்ந்தவர் நிலைத்திருக்க ஒரு மக்கள் கூட்டமே காவல் நிற்கவேண்டும்.

இன்னொரு கடனும் உண்டு. இந்த ஊரின் தோல் தொழில் உலகுக்குச் செருப்புத் தந்தது. ஊருக்கோ கெட்ட நீரைத் தந்தது. இவ்வட்டாரத்து நிலத்தடி நீரில் குரோமியம் கலந்ததை ஆய்வுகள் காட்டின. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பிறகே வந்தது. தொழிலாளியின் கையை உப்பு தின்னாதபடி உறை வேண்டும். கிணற்றைக் கழிவு தின்னாதபடி காவல் வேண்டும். அதை அளந்து சொல்லவும் படித்த பிள்ளை வேண்டும்.

கடந்த 2025 ஜனவரியில், இந்தியர் பதினாயிரம் பேரின் மரபு ஏடுகளைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தகவல் களஞ்சியம் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டது. ஏடு திறந்திருக்கிறது. அதைப் படிக்கும் கண்கள் யாருடையவை? பல தலைமுறையாகப் படித்தவர் வீட்டுப் பிள்ளைகளுடையவை மட்டும்தானா? நம் தெருப் பிள்ளைகளும் அங்கே அமரவேண்டாமா? நம் தெருவில் என்ன நோய், நம் வீட்டில் என்ன வலி என்று அறிந்தவன் அமர்ந்தால்தானே அந்த வலியை ஏட்டிலே தேடுவான்!

1949-இல் தோன்றிய எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியும் இதே குரோம்பேட்டையில்தான் இருக்கிறது. ஆலை வாசலுக்கும் கல்லூரி வாசலுக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு குடும்பத்துக்கு மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. கடந்து வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதா?

கடைசி வண்டிக்கு மணியாயிற்று. பெரியவர் குவளையை வைத்தார். தம் கையை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "மூணு இழைன்னு சொன்னீங்களே தம்பி, அதை நாளைக்குக் காலையிலே வந்து என் பேரன்கிட்ட இன்னொரு தடவை சொல்லுவீங்களா? தெருவுலே இருக்கிறவங்களையும் கூப்பிடறேன்" என்றார்.

போகிறேன், தோழர்களே. அவரவர் தெருவில் நீங்களும் சொல்லுங்கள்.